கூலன்ட் போன வழி

நில அளவையாளரின் இருபத்திரண்டு வயதுக் காரில் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் வாரத்துக்கு அரை லிட்டர் மாயமாகிக்கொண்டிருந்தது. ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளப்பவருக்கு இது மானப் பிரச்சினை. காருக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. யாரோ திருடுகிறார்கள் என்று முடிவுகட்டி பானெட்டுக்குப் பூட்டுப் போட்டார். பூட்டு பூட்டியபடியே இருந்தது, கூலன்ட் மட்டும் குறைந்தது.

இதற்கிடையில் மனைவி வேறு. "ஏங்க, கார்ல உட்கார்ந்தா என் கால் நனையுதுங்க."

"உனக்குக் கால் வேர்க்குது" என்று தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் கொடுத்த பவுடர் பாதத்தில் பசையாகக் குழைந்ததுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் இருவரும் மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் பானெட்டைத் தொடவே இல்லை. முன்கண்ணாடியின் உட்புறம் படிந்திருந்த பிசுக்கை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு மனைவி உட்காரும் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கினார். பச்சைத் தண்ணீர் குளமாக நின்றது.

"கூலன்ட் ஓடுற ஹீட்டர்ல ஓட்டை சார். கூலன்ட் வண்டிக்குள்ளயே ஒழுகுது. கால் நனைஞ்சிருக்குமே, யாரும் சொல்லலையா?"

அளவையாளர் வாய்க்குள் ஈ போனது தெரியாமல் நின்றார். மனைவி பவுடர் குழைந்த பாதத்தைத் தூக்கிக் கணவருக்குக் காட்டினாள்.

ஹீட்டரை மாற்றியாயிற்று. ஆனாலும் அவள் முன்னிருக்கையில் ஏறுவதில்லை. பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். அவர் கண்ணாடியில் பார்த்துப் பணிவாகக் கேட்கிறார்: "எங்கேம்மா போகணும்?"