சிவப்பு விளக்கில் சாகிறவர்

சிவப்பு விளக்கு விழுந்தால் சீமோன் அண்ணை செத்துப்போவார். ரக்சியை நிறுத்தி, பிரேக்கில் காலை ஊன்றி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அரைவாசி திறந்து மூச்சை அடக்குவார். இடக் கண்ணில் மட்டும் நூலளவு இடைவெளி இருக்கும். விளக்கைப் பார்க்க வேண்டாமா? பச்சை விழுந்ததும் உயிர்த்தெழுந்து, "எப்பிடி? வயிறு அசைஞ்சதே?" என்று பின்னால் இருப்பவரைக் கேட்பார்.

பின்னால் இருப்பவர் தமிழராக இருந்தால் பரவாயில்லை. ஒருமுறை மிசிசாகாவில் விமான நிலையத்தில் ஏறிய வெள்ளைக்காரப் பெண்மணி இந்தச் சாவைக் கண்டு கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவிட்டாள். அவளுடைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இவர் நடுறோட்டில் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். பின்னேரம் எனக்கு ரெலிபோன் எடுத்து, "நம்பிட்டாளடா! முழுசா நம்பிட்டாள்!" என்று குதித்தார். கூலி போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்தச் சாவெல்லாம் ஒரு சிரிப்புப் படத்துக்காக. "கனடாவிலை முதல் தமிழ்ப் பகிடிப் படம்" என்று அவர் சொல்லித் திரிகிறார். முதலாவதோ மூன்றாவதோ எனக்குத் தெரியாது. அதை அவரிடம் கேட்டு யார் வாங்கிக்கட்டுவது? கதை, வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரேதான். நான் உதவி இயக்குநர். பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கார்க் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைப்பார்களே, அந்த வெள்ளித் தகட்டை, நடிப்பவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. ஸ்காபரோவில் இருவருக்கும் ஒரே கட்டிடம். ஒருநாள் லிஃப்டுக்குள் தனியாக அகப்பட்டுக்கொண்டேன். கீழே போய்ச் சேர்வதற்குள் பதவி கிடைத்துவிட்டது.

ஆள் குள்ளம். மீசை மட்டும் தாராளம். சட்டைப்பையில் ஒரு சீப்பும் அந்தோனியார் படமும் இருக்கும். "முடியாது" என்று யாராவது சொன்னால் சீப்பை எடுத்து மீசையை வாருவார். வாரி முடிந்ததும், "சரி, எப்ப தொடங்குவம்?" என்று கேட்பார். இந்த மனுசனோடு வாதாடி வென்றவர்களை நான் இன்னும் காணவில்லை.

படத்தின் கதை இது: எவருடைய கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போகாத ஒரு மனுசன். "பாக்கிங் இல்லை", "ஓவர்ரைம்" என்று சாட்டுச் சொல்லியே காலம் தள்ளுகிறான். பிறகு, தான் செத்தால் ஆர் வருவினம் என்று கவலை பிடித்து, செத்ததாக நடிக்கிறான். ஊரே திரண்டு வந்து அழுகிறது. அழுகை உச்சத்துக்குப் போகும்போது பிரேதம் தும்முகிறது. படத்தின் பெயர் "செத்தவீட்டுக்கு வாங்கோ".

"அண்ணை, செத்தவீட்டுக்கு ஆராவது வாங்கோ எண்டு சொல்லுவினமே? பேரே சரியில்லை" என்றேன்.

"அதுதானடா பகிடி!" என்றார்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய தாய் ஊரில் செத்தபோது அவரால் போக முடியவில்லை. போர் நடந்த நேரம், ஊருக்குப் பாதை இல்லை. கனநாள் கழித்து ஆர் ஆரோ கைமாறி ஒரு வீடியோ கசற் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது. கட்டிடத்தில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, கதிரை போட்டு இருத்தி, தாயின் செத்தவீட்டை முழுவதும் பார்த்தார். முடிந்ததும் கசற்றை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கட சனம் இந்த மெசினிலை அழுறதை மட்டும்தான் பாக்குது. இதுக்குள்ளை போடுறதுக்கு ஒரு சிரிப்பும் வேணும்" என்றார். அவர் சீப்பை எடுத்தார்.

எங்கள் படம் ஆடி மாதத்தில் மட்டும் வளரும். காரணம் வினோதன். அவன் கலியாண வீடியோக்காரன். ஆடியில் கலியாணம் இல்லை, கமெரா சும்மா கிடக்கும். கெட்டிக்காரன்தான், ஆனால் கை கலியாணத்திலேயே ஊறிவிட்டது. சண்டைக் காட்சியில் அடி வாங்கியவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணின் பதக்கச் சங்கிலியைக் கிட்டப் பிடித்து வைத்திருந்தான். கேட்டால், "பழக்கதோசம் அண்ணை" என்கிறான். நடிக்க வந்தவர்களும் அப்படித்தான். கமெரா தங்கள் பக்கம் திரும்பினால் உடனே சேலையைச் சரிசெய்து, சிரித்து, கை காட்டுவார்கள்.

போன ஆடியில் எல்லாம் முடிந்து, செத்தவீட்டுக் காட்சி மட்டும் மிச்சம் நின்றது. அதற்குக் கூட்டம் வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் "ஓம் ஓம், கட்டாயம் வாறம்" என்றார்கள். முதல் ஞாயிறு வந்தவர்களை ஒரு காரில் ஏற்றலாம். அடுத்த ஞாயிறு அவர்களும் வரவில்லை. ஆடியின் கடைசி ஞாயிறுதான் மிச்சம். வினோதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "அண்ணை, பிக்கரிங்கிலை கடை திறக்கிறன். இந்த ஞாயிறோடை உந்தப் படத்துக்கு முழுக்கு." இன்னொரு கமெராவுக்கு வழியில்லை. அந்த ஞாயிறு தவறினால் படம் குப்பைக்குத்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

இன்னொரு தலையிடியும் இருந்தது. சாவு அவருக்கு நன்றாகப் படிந்துவிட்டது. தும்மல்தான் வரவில்லை. பொய்த் தும்மல் போட்டால் நாய் குரைத்தது மாதிரி இருக்கும். மிளகுத்தூள் போட்டுப் பார்த்தார், கண் வீங்கியது.

காட்சியில் காட்ட ஒரு மரண அறிவித்தலும் வேண்டும். கலியாண அட்டை அடிக்கும் றொபேட்டிடம் கொடுத்தோம். அதில் போட்ட முகமும் அவருடையது, பெயரும் அவருடையது. வேறு பெயர் வையுங்கோ என்று தலையால் நடந்து சொன்னேன். "எந்தப் பேரை வைச்சாலும் அந்தப் பேரிலை ஒருத்தன் ஸ்காபரோவிலை இருப்பான்ரா. என்னைச் சாகடிச்சியோ எண்டு சண்டைக்கு வருவான். எனக்கு நான் சண்டைக்கு வரமாட்டன்" என்றார். அதில் இருந்த மண்டபமும் நேரமும்கூட ஞாயிறு படப்பிடிப்புக்கு நாங்கள் எடுத்தவையேதான். றொபேட்டுக்கு இது படத்துக்கு என்று தெரியும். கடை கடையாக நோட்டீஸ் கொண்டுபோகிறவனுக்குத் தெரியாது. அவன் மேசையில் இருந்த கட்டைப் பார்த்தான். செத்தவீட்டு நோட்டீஸ், சுணங்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டு போய், தமிழ்க்கடை ஒன்று விடாமல் கதவில் ஒட்டிவிட்டான். மற்ற நோட்டீஸ்களுக்கு அவனை நாலுதரம் கேட்கவேண்டும்.

ஞாயிறு காலை இது எங்களுக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் சவப்பெட்டியைத் தூக்கி வைத்தோம். பெட்டி என்பது சீமோன் அண்ணையின் பழைய அலுமாரி. கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டிருந்தார். பெட்டியின் கைபிடியும் அந்தக் கதவிலிருந்து கழற்றிப் பூட்டியதுதான். முகத்துக்குப் பவுடர் அப்பி, நாடிக்கு வெள்ளைத் துணி கட்டி, கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு யன்னலால் பார்த்தவர், "வந்திட்டினமடா!" என்று கத்தினார்.

உண்மைதான். கார் கார் ஆக வந்துகொண்டிருந்தது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வேதவாக்கு. நடிக்கக் கூப்பிட்டு வராதவர்கள் எல்லாம் வெள்ளைச் சேலையும் கறுப்புச் சப்பாத்துமாக இறங்கினார்கள். சீமோன் அண்ணைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நாடிக்கட்டோடு வாசலுக்கு ஓடிப்போய், இரண்டு கையையும் விரித்து, "வாங்கோ! வாங்கோ!" என்றார்.

முன்னுக்கு வந்தவர் பாலேஸ்வரி அக்கா. எங்கள் கட்டிடம்தான். அதற்கு முந்தின மாரியில் அவருடைய புருசன் பொன்னம்பலத்தார் செத்தபோது பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஸ் ஓடவில்லை. "ஆக்களில்லாமல் ஒரு மனுசன் போறதே?" என்று சீமோன் அண்ணை விடியத் தொடக்கம் ரக்சியில் வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றி இறக்கினார். அந்த நன்றிக்காக அக்கா பெரிய சட்டி நிறையப் புட்டு அவித்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பிரேதம் வாசலில் நின்று வாங்கோ என்றதும் சட்டி கீழே போய்விட்டது.

பிறகு நடந்ததை எழுதினால் பத்திரிகை போடாது. போடக்கூடியது இவ்வளவுதான்:

"கட்டையிலை போவானே! கடைக்கதவிலை நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிட, செத்தவீடு உனக்குப் பகிடியே? அந்த மனுசன் செத்த அண்டைக்கு நீ ஓடித்திரிஞ்சதை நினைச்சுத்தானேடா விடிய எழும்பிச் சமைச்சனான். பஸ்ஸிலை வழி முழுக்க அழுதுகொண்டு வந்தனான். அந்த அழுகைக்கு என்ன மரியாதை? சொல்லு!"

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏசினார்கள். சிலர் காருக்குத் திரும்பிவிட்டார்கள். வினோதன் கமெராவை மூடிப் பைக்குள் வைக்கத் தொடங்கினான். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஓடிவிடுவோம் என்று சீமோன் அண்ணையின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் சீப்பைத் தேடினார். கோட்டில் சீப்பு இல்லை. விரலாலேயே மீசையை ஒருதரம் வாரினார்.

"அக்கா, ஏசுங்கோ. ஏசினது காணாட்டில் அடியுங்கோ. நோட்டீஸ் போனது அந்தோனியார் அறிய எனக்குத் தெரியாது. ஆனா நான் இந்தப் படத்தை விடமாட்டன். அம்மான்ர செத்தவீட்டை நான் கசற்றிலைதான் பாத்தனான், உங்களுக்குத் தெரியும். பக்கத்திலை இருந்து பாத்தனீங்கள். அந்த மெசினிலை எங்கட சனம் ஒருக்காச் சிரிக்கவேணும். எனக்காக அழுதுகொண்டு வந்தனீங்கள்தானே, மிச்ச அழுகையை இங்கை அழுதிட்டுப் போங்கோ. நான் தும்முறவரைக்கும் அழுங்கோ. பிறகு என்ர முகத்திலை முழிக்காட்டிலும் சரி."

பாலேஸ்வரி அக்கா அவரைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"உது என்ன, அலுமாரியே?"

"ஓம் அக்கா."

"வெள்ளை விரிக்காமல் ஆராவது பிரேதத்தைக் கிடத்துவினமே? குத்துவிளக்கு எங்கை? சரி, நீங்கள் வேதக்காரர், மெழுகுதிரி எங்கை?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். "செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்யவேணும். பகிடி எண்டாலும் செத்தவீடு செத்தவீடுதான்."

அவர் போனதும் காருக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். மேசை விரிப்பு ஒன்று பெட்டிக்கு வந்தது. எங்கிருந்தோ மெழுகுதிரி வந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். யார் எங்கே இருப்பது என்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. சீமோன் அண்ணை ஏறிப் படுத்துக் கண்ணை மூடினார். நான் வெள்ளித் தகட்டைப் பிடித்தேன். வினோதன் சைகை காட்டினான்.

முதலில் ஒப்புக்குத்தான் அழுதார்கள். பிறகு பாலேஸ்வரி அக்கா குரலெடுத்தார். "என்ர ராசா, பனிக்குள்ளை ஓடித் திரிஞ்சியே" என்று சீமோனுக்காகத் தொடங்கிய ஒப்பாரி, "என்னைத் தனிய விட்டிட்டுப் போனியளே" என்று பொன்னம்பலத்தாரிடம் போய்விட்டது. புருசன் செத்த அன்று மனுசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, வாயடைத்துப்போய் இருந்தவர். இன்றைக்கு அடைத்தது உடைந்துவிட்டது. சுற்றியிருந்தவர்களும் தங்கள் தங்கள் ஆட்களை நினைத்து அழத் தொடங்கினார்கள். ஊரில் செத்து, கசற்றில் மட்டும் பார்த்த ஆட்கள். ஒருவர்கூடக் கமெராவைப் பார்க்கவில்லை.

வினோதன் விரலைத் தூக்கினான். தும்மவேண்டிய இடம். தும்மல் வரவில்லை. சீமோன் அண்ணையின் வயிறு அசையவில்லை, இமை அசையவில்லை, ஆனால் இடக் கண்ணின் ஓரத்தில் நீர் கட்டி, பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு காதுப் பக்கம் இறங்கியது. பிரேதம் அழுகிறது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வினோதனின் கை கமெராவை நிறுத்தப் போனது.

பாலேஸ்வரி அக்கா அதைக் கண்டுவிட்டார். ஒப்பாரியை நிறுத்தாமலே குனிந்து, முந்தானையால் அந்தக் கண்ணீரை ஒற்றி எடுத்தார். பிறகு, தன் கண்ணீர் ஓட ஓட, முந்தானை நுனியைத் திரியாகத் திரித்து, சீமோன் அண்ணையின் மூக்குக்குள் மெல்ல விட்டார்.