கரைக்கு வந்துவிட்டான் ஜோரி

தென் ஆஸ்திரேலியக் கடலோர ஊரில், குளிர்காலக் காலை ஒன்றில், பனிமூட்டத்துக்குள் படகை ஓட்டிப் போன ஜோரி ட்ரெகென்சா திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை, ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. கிழங்கான் மீனைச் சுத்தம் செய்து பொட்டலம் போடும் கொட்டகையும், அதை நம்பிப் பிழைக்கும் பெண்களின் பொறுப்பும் அவன் மனைவி மெரின் தலையில் விழுந்தன. அடிலெய்ட் கடைக்காரர்களோ மலிவான இறக்குமதி மீன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மெரின் ஒரு காரியம் செய்தாள். விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் ஒரு பங்கை, ஜோரியின் அண்ணன் க்ளெம் நடத்திய கடல் மீட்புக் குழுவுக்குக் கொடுத்தாள்.

"சொந்தக் கூரை ஒழுகுது, ஊருக்குக் குடை பிடிக்கிறா" என்று மதுக்கடையில் சிரித்தார்கள்.

ஆனால் சிரித்தவர்கள் நினைத்தபடி நடக்கவில்லை. கடலில் தவிப்பவரை இந்த மீன் கரை சேர்க்கிறது என்று அட்டையில் அச்சிட்டதும், விலை கூடினாலும் பரவாயில்லை என்று கடைக்கு வந்த பெண்கள் அதையே எடுத்தார்கள். சுரங்க வேலைக்குப் போகவிருந்த கொட்டகைப் பெண்கள் போகாமல் தங்கினார்கள். புண்ணியவதி என்று யாராவது சொன்னால், "தானம்னு சொல்லாதீங்க, எனக்கும் இதுல லாபம் இருக்கு" என்பாள் மெரின்.

குழு புதுப் படகு வாங்கியது. அதற்கு அவள் ஜோரி ட்ரெகென்சா என்றே பெயர் வைத்தாள். மூழ்கியவன் பெயரைப் படகுக்கு வைக்காதே என்று கிழவர்கள் தடுத்தும் அவள் கேட்கவில்லை.

அந்தக் கடற்கரையில் ரேடியோவில் ஆளை அழைப்பதில்லை, படகைத்தான் அழைப்பார்கள். கிளம்பும்போது சொன்னால் மீட்புக் குழு நிலையத்துப் பலகையில் படகின் பெயரும் ஓட்டுபவர் பெயரும் ஏறும். கரைக்கு வந்தேன் என்று சொன்னால்தான் அழிப்பார்கள். கொட்டகை ரேடியோவில் மெரின் நாள்தோறும் அதைக் கேட்டாள். "ஜோரி ட்ரெகென்சா கிளம்பியாச்சு." "ஜோரி ட்ரெகென்சா கரைக்கு வந்தாச்சு." முதலில் அழுதாள். பிறகு அந்த இரண்டாவது வரிக்காகவே உயிர் வாழ்ந்தாள்.

யாரையாவது மீட்டு வந்தால் செய்தித்தாளில் படம் வரும், மறுவாரம் மீன் விற்பனை பறக்கும். ஒரு மதியம் கடல் கறுப்பதைப் பார்த்தபோது, இன்றைக்கு யாராவது மாட்டுவார்களா என்று அவள் மனம் ஆசையோடு கேட்டது. தன் மனம் கேட்டதை நினைத்து வெட்கி, மெரின் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் பனிமூட்டம் இறங்கியது. க்ளெம் அவள் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அப்போது ரேடியோ பேசியது.

"ஜோரி ட்ரெகென்சா. கரைக்கு வந்துட்டேன். பேரை அழிச்சிடுங்க."

மீன் வெட்டிக்கொண்டிருந்த கொட்டகைப் பெண் டெப்பின் கத்தி நின்றது. "க்ளெம், படகைப் பெயின்ட் அடிக்கக் கரை மேலதானே ஏத்தியிருக்கு?"

"நான்தான் பூட்டிட்டு வந்தேன். எவனோ குடிகாரன் விளையாடுறான்." க்ளெம் கோப்பையைக் கீழே வைத்தான்.

குரல் மறுபடி வந்தது, ஜோரி பேசுவது போலவே, பொறுமையாக. பின்னால் தண்ணீர் மோதும் சத்தம்.

"ஜோரி போன அன்னிக்கு, பலகையில அவன் பேரை அழிச்சியா, க்ளெம்?" என்றாள் மெரின்.

"எப்படிம்மா அழிப்பேன்? வந்தேன்னு அவன் சொல்லவே இல்லையே. அந்தப் பலகையைக் கழட்டிட்டு வேற பலகை மாட்டினோம். அவ்வளவுதான்."

மெரின் ரேடியோவின் மைக்கை எடுத்தாள். க்ளெம் அவள் கையைப் பிடித்தான். "வேண்டாம் மெரின். நீ அவனை வழியனுப்பி அழிச்சிட்டா, அப்புறம் அந்தப் பேர்ல படகு ஓட்ட முடியாது. அடுத்த வாரம் மீனுக்கு ஒப்பந்தம் பேசற சூப்பர்மார்க்கெட்காரங்க அந்தப் பேரைப் பார்க்கத்தான் வர்றாங்க. அவன் கரைக்கு வந்தாச்சுன்னு தினமும் ரேடியோவுல கேக்க முடியாது."

"தினமும் வரவெச்சு அவனைத் தூங்க விடாம வித்துட்டிருக்கேன், க்ளெம்" என்றாள். பிறகு மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள். "ஜோரி, கேக்குதுப்பா. வந்துட்டே. பேரை அழிச்சாச்சு. படுத்துக்கோ."

ரேடியோவில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. அதன் பிறகு வெறும் இரைச்சல்.

படகுக்கு ஊர்ப் பெயரையே எழுதினார்கள். வந்த சூப்பர்மார்க்கெட்காரர்கள் பழைய பெயர் எங்கே என்று கேட்டார்கள். "அவர் ஓய்வுல இருக்கார்" என்றாள் மெரின். மீனுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அன்று மாலையே காற்று எழுந்தது, படகு கிளம்பியது. ஜன்னலில் நின்ற மெரினுக்குப் பயமாக இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று, வெகுகாலத்துக்குப் பிறகு, உண்மையாகவே பயமாக இருந்தது.