ஞானம் அண்ணையும் எங்கள் கராஜ் கதவும்

லவால் நகரில் உள்ள தமிழ்க் கடையொன்றில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஞானம் அண்ணையின் மகள் அழைத்தாள். "அப்பா விடியப் போயிட்டார், அன்ரி" என்றாள். அதற்குமேல் அவளால் கதைக்க முடியவில்லை. எடுத்த காய்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

உங்களில் பலருக்கு அவரைக் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு தெரிந்திருக்கும். "இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்று கேட்டுக்கொண்டே விட்டுவிடும் மனிதர். எங்களுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப் பல வருடமாகிறது. கிழமையில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்தால்தான் அவருக்கு வாழ்வு. கார் கராஜுக்குள் நிற்கும். பொத்தானை அமத்தினால் மோட்டார் மேலே இழுக்கும் அதன் கதவு திறக்காவிட்டால் அன்றைய நாள் போச்சு.

சுத்திகரிப்புத் தொடங்கிய முதல் வருடம் அந்தக் கதவு கீச்சிட்டது. அண்ணை சும்மா இருப்பாரா? நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து பிணைச்சல், சில்லு, தண்டவாளம் எல்லாவற்றுக்கும் தாராளமாக வார்த்தார். "ஊரில எங்கட கேற்றுக்கு இதுதான், தங்கச்சி. ஒரு சத்தம் வராது" என்றார். உண்மையில் சத்தம் வரவில்லை. நானும் கெட்டிக்காரர் என்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

தை மாதம் கடுங்குளிர் வந்தது. எண்ணெய் பாகாகி இறுகிவிட்டது. மோட்டார் முனகிவிட்டு நின்றது. சாரத்துக்கு மேலே குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்த அண்ணை, தோளைக் கொடுத்துத் தள்ளியும் கதவு அசையவில்லை. பனிக்குள் டாக்சி வந்து சேர்வதற்குள் கணவருடைய முறை போய்விட்டது. அடுத்த நாள் மூச்சு முட்டி, அவசரப் பிரிவில் படுக்கவைத்தார்கள். அண்ணை அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"வாடா உள்ளுக்கு" என்று கணவர்தான் கூப்பிட்டார். "கதவுக்கு எண்ணெய் முழுக்கு வாத்தனி, தலையைத் துவட்டாமல் விட்டிட்டாய். தடிமன் பிடிச்சிட்டுது, அவ்வளவுதான்." தாதிகூட எங்கள் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்து அழுதார்.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் அவர் தவறவில்லை. தன் காருக்குக் குளிர்கால டயர் மாற்றும் கிழமையில் எங்கள் கதவுக்கும் வந்துவிடுவார். "டயருக்கு அரசாங்கம் சட்டம் போட்டிருக்கு. கராஜ் கதவுக்கு ஆர் போடுறது? நான்தான்" என்பார். பழைய பிசுக்கைத் துணியால் துடைத்து, குளிருக்கு இறுகாத சிலிக்கன் ஸ்பிரே அடிப்பார். கீழ் றப்பர் பனியில் நிலத்தோடு ஒட்டாமல் அதற்கும் பூசுவார். சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் பாதி உயர்த்தி விடுவார். நின்றால் நல்லது. விழுந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டதாம். "ஸ்பிரிங்கில மட்டும் கை வைக்காதேங்கோ, அதுக்கு ஆள் கூப்பிடோணும்" என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். கதவடியில் அரிசி மூட்டை கிடந்தால், காரை மறிக்குமென்று எனக்கு ஏச்சு விழும்.

ஒருமுறை எனக்கே பொறுக்கவில்லை. "அவர் எப்பவோ மறந்திட்டார், அண்ணை. நீங்களும் மறவுங்கோவன்" என்றேன்.

"அது அவன்ர பெருந்தன்மை, தங்கச்சி. நான் மறந்தா எனக்கு வெக்கமில்லையே?" என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

இந்த வருடம் செப்ரெம்பரிலேயே வந்துவிட்டார். வெயில் எறித்துக்கொண்டிருந்தது. "என்ன அண்ணை, இப்பவே பனி கொட்டுதோ?" என்று பகிடி பண்ணினேன். கதிரையொன்று கேட்டு வாங்கி உட்கார்ந்து, எல்லாவற்றையும் என்னைக் கொண்டே செய்வித்தார். சோம்பல் என்று நினைத்தேன். தன் நோய் முற்றிவிட்டதை அவர் எங்கள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. நான் பாதியில் விட்ட கதவு அசையாமல் நின்றதைப் பார்த்து, "இவ்வளவு காணும். இனிப் பயமில்லை" என்றார்.

இறுதிக்கிரியை கணவருடைய சுத்திகரிப்பு நாளில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் வேறு நேரம் கேட்டுப் பார்த்தேன், இடமில்லை என்றுவிட்டார்கள். அன்று காலை புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. கணவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இண்டைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை. அவன்ர முகத்தைக் கடைசியாப் பாக்கோணும்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தன்னால ஒருநாள் உங்களுக்குத் தவறிப்போச்செண்டு அந்த மனுசன் சாகும்வரைக்கும் குமைஞ்சது. இண்டைக்கும் அவராலதான் தவறினது எண்டு ஆக்கப்போறீங்களே?"

அவர் உள்ளே போய் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார். நான் பொத்தானை அமத்தினேன். கதவு சத்தமில்லாமல் மேலே போனது. பக்கத்து வீட்டைக் கடக்கும்போது கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வாறன், ஞானம்" என்றார்.

அன்று கிரியைக்கு வந்த நீங்கள் எங்களைத் தேடியிருப்பீர்கள். சிலர் மனத்தாங்கலும் பட்டிருப்பீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அண்ணைக்கு வாய்க்கரிசி போட்ட நேரம், நான் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலருகே, சுத்தமாகித் திரும்பும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அண்ணையிடமிருந்து உனக்கு மிஞ்சியது என்ன என்று யாரும் கேட்டால், அந்தக் கட்டிலில் கண்மூடிக் கிடந்த என் கணவரைத்தான் காட்டுவேன்.