நாற்பதாம் எண்ணுக்குச் சோதனை இல்லை

கைக்கடிகாரத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நாற்பது என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் குத்திய அட்டையில் இருந்த எண் அது. முள் பொருத்தும் பிரிவில் ஆறு வருட வேலை. ஒரு திருகாணிகூட அவளோடு வீட்டுக்கு வந்ததில்லை.

மாலை மணி அடித்ததும் வாசலில் இருக்கும் கணினி, ஒன்று முதல் நாற்பதுக்குள் ஐந்து எண்களைத் தன் இஷ்டத்துக்குப் பொறுக்கும். அந்த ஐந்து பேரின் பையைச் சோதிப்பார்கள். அந்தக் கணினிக்கு நிரல் எழுதியவர் அவளுடைய அக்காள் கணவர். கணினி வந்து கிட்டத்தட்ட ஒரு வருடமாகத் தன் எண் வராததை அதிர்ஷ்டம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அவள் செய்த ஒரே குற்றம் அதுதான்.

நான்கு மாதங்களுக்கு முன் கடிகாரங்கள் காணாமல் போகத் தொடங்கின. போன வாரம் யாரோ வாசல் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கு இருபது தடவைக்கு மேல் சோதனையில் மாட்டியிருக்க, நாற்பது ஒரு தடவைகூட இல்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். அத்தான் எழுதிய நிரல் மச்சினியையா காட்டிக்கொடுக்கும் என்றார்கள். சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் கைப்பையை மடியில் ஏற்றிக்கொண்டாள். நாற்பதுக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் முளைத்தது. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அத்தான் மேலாளர் அறையில் நிரலைத் திறந்தார். சி மொழியில் எழுநூறு வரி. தேடவேயில்லை, நேராக ஒரு வரியில் போய் விரலை வைத்தார். கணினி தருகிற எண் எவ்வளவு பெரிதானாலும் அதை நாற்பதால் வகுத்து, மீதியோடு ஒன்று கூட்ட வேண்டுமாம். அப்போதுதான் ஒன்று முதல் நாற்பது வரை வரும். இவர் முப்பத்தொன்பதால் வகுத்துவிட்டார். நாற்பது வரவே வழியில்லை. மேலாளர் காகிதத்தில் போட்டுப் பார்த்து, அது வெறும் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். வேலை பிழைத்தது.

படிக்கட்டில் அவள் நின்றாள்.

"தப்பு அங்கதான் இருக்குன்னு எப்பத் தெரியும், அத்தான்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நாலு மாசமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் சரி பண்ணல?"

"பொருள் காணாமப் போற நேரம். உன் பையில ஏதாவது கிடைச்சிட்டா, உங்க அக்கா தாங்குவாளா?"

ஊரே பேசியபோது வராத அழுகை இப்போது வந்தது. பையைப் படியிலேயே கவிழ்த்தாள். சீப்பு, தண்ணீர் பாட்டில், பஸ் பாஸ், மாத்திரை அட்டை.

எடுத்து வைக்கச் சொன்னார் அவர். சொன்னாரே தவிர, கண் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டு போனது. பையின் உள்ஜிப் மூடியிருந்தது. பார்வை அங்கே போய் நின்றது.

நாற்பது அதையும் திறந்து காட்டினாள்.