பத்திரமாகத் திரும்பிவரும் விண்கலங்கள்

எண்பத்தைந்தாம் ஆண்டு விண்டரில் நானும் அக்காவும் நாடுவிட்டு வந்து வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தோம். ஊரில் அக்காவின் புருஷனை, என் அத்தானை, ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் எட்டு மாதம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அக்கா பேப்பரைத் தொடமாட்டாள். தமிழ் நாவல் எடுத்தாலோ அதிலும் யாராவது புருஷனைப் பறிகொடுப்பார்கள்.

ஒருநாள் சொன்னாள்: “இந்தப் பூமியைப் பற்றி ஒண்டும் வேண்டாம். வேறை எங்கையாவது நடக்கிற கதையாப் பாத்து வாசிச்சுச் சொல்லு. போனவன் திரும்பி வரவேணும்.”

அக்காவுக்கு இங்கிலீஷ் போதாது. எனக்கும் போதாதுதான். ஆனால் ஆம்பிளை என்பதால் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது.

லைப்ரரியில் வேலை செய்த வெள்ளைக்கார அம்மாவிடம் மனசுக்கு ஆறுதலான விஞ்ஞானக் கதை கேட்டேன். நன்றாக யோசித்து ஒன்று எடுத்துத் தந்தா. முதல் அத்தியாயத்திலேயே பூமி வெடித்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனபோது, கடைசியில் நாலு பேர் தப்புவார்கள், அது நம்பிக்கையூட்டும் புத்தகம் என்று விளக்கினா. அடுத்ததில் பசி, நோய் ஒன்றும் இல்லாத உலகம். எல்லோரும் சிரித்தபடி இருந்தார்கள். பாதியில் பார்த்தால் அத்தனை பேரும் மெஷின். ஹீற்றர் போட்ட வீட்டில், பிரிஜ் நிறையச் சாப்பாட்டோடு இருந்துகொண்டு, ஆகாயத்தில் போகிறவனை இந்த எழுத்தாளர்கள் ஏன் இப்படிக் கொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

எழுதியவர்கள் ஒத்துழைக்காததால் முடிவுகளை நானே பொறுப்பெடுத்தேன். பிஸ்கட் பக்டரி வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, அக்காவுக்குக் கதை சொல்லும்போது செத்த விண்கலக் கப்டன்களை ஒவ்வொருவராக உயிர்ப்பித்தேன். அந்த விண்டரில் என் கையில் ஒருவனும் சாகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பங்குனியில் அத்தானின் ஒன்றுவிட்ட தமையன் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். விசாரித்த இடமெல்லாம் கையை விரிக்கிறார்கள், கண்டவர் ஒருவரும் இல்லை என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அத்தான் இருக்கிறாராம்” என்றேன். பழக்கதோஷம். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு கதையை முடிக்கும் கட்டத்துக்கு வந்தேன். புத்தகத்தில் கப்பல் தூசிப் புயலுக்குள் போய் மறைந்துவிட்டது. நான் வழக்கம்போல, “கப்பல் திரும்பிச்சாம், அவன் வந்து சேந்தானாம்” என்றேன்.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அக்கா நிறுத்தினாள்.

“தம்பி, புத்தகத்திலை இருக்கிறதைச் சொல்லேக்கை போனான், பாத்தான் எண்டுவாய். பொய் சொல்லேக்கைதான் உனக்கு ‘வந்தானாம்’ எண்டு கடைசியிலை ‘ஆம்’ வரும். முதல் புத்தகத்திலையே பிடிச்சிட்டன்.”

“பிறகேன் அக்கா சொல்லேல்லை?”

“கேக்க நல்லா இருந்திச்சு.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அத்தான் இருக்கிறாராம் எண்டாய். அந்த ஆம் கொழும்பிலையிருந்து வந்ததோ, உன்ரையோ?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

“ஒருத்தரும் காணேல்லை எண்டுதான் சொன்னவர்.”

அக்கா கையிலிருந்த துவாயை மடித்து முடித்தாள். பிறகு எனக்கு முன்னால் வந்து இருந்து, புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

“கடைசிப் பக்கத்தை எடு. எழுதினவன் எழுதினபடி வாசி.”

வாசித்தேன். கப்பல் வரவில்லை.