நீல ஆசிட்டும் ஏழு கேப்பும்

முத்துராணியைப் பெரிய மனசுக்காரி என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பச்சைப் பொய். பழி வாங்குவதில் அவளுக்கு இருக்கும் பொறுமை வேறு எவருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை. அடிபட்டவர்களில் நானும் ஒருவன்.

என் பெயர் செந்தூர்பாண்டி. திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறேன். பல்லைக் காட்டாமல் எங்கள் வேலை நடக்காது. முன்பல் உடைந்ததும் பல் டாக்டர் குமரகுருபரனிடம், பல்லை உறை மாதிரி மூடும் சிர்கோனியா கேப் போட்டுக்கொண்டேன். இரும்புக்கே சவால் விடும் பீங்கான் என்றார். மூன்று மாதத்தில் மூன்று முறை கழன்றது. மூன்றாவது முறை, கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள் முன்னால் விரித்த பட்டுச்சேலையில் போய் விழுந்தது. மணப்பெண் வரைக்கும் சிரித்தார்கள்.

"என் கையில தப்பில்ல. லேப்ல முத்துராணின்னு ஒருத்தி செய்யுதா. அவளக் கேளும்" என்றார் டாக்டர்.

நான் கேட்கவில்லை, ஏசினேன். பாளையங்கோட்டையில் அசன் மைதீன் லேபுக்குப் போய், அவளோடு வேலை பார்க்கும் ஆறு பேர் முன்னால் நின்று கத்தினேன். "பல்லு செய்யுதியா, பாசிமணி கோக்கியாட்டி?"

அவள் எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, கேப்புல குத்தமில்ல. ஒட்டுற முறை..."

முடிக்க விடவில்லை. கேப்பை அவள் மேசையில் விட்டெறிந்துவிட்டு வந்தேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் சொல்ல வந்தது பிற்பாடுதான் தெரிந்தது. கேப்பை முதலில் வாயில் வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். அப்போது உள்ளே எச்சில் படும். அதைச் சுத்தம் செய்யக் குமரகுருபரன், பல்லுக்குத் தடவுகிற நீல ஆசிட்டையே கேப்புக்குள்ளும் தடவுகிறார். பல்லுக்கு அது நல்லது. சிர்கோனியாவிலோ, பசை பிடிக்க வேண்டிய இடத்தை அந்த ஆசிட் பிடித்துக்கொள்ளும். பசை ஒப்புக்குத்தான் ஒட்டும். உள்ளே மறுபடி பொடிமணல் பீச்சினால்தான் சரியாகும். கேப்புக்குப் பல் நிறம் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளே கண்ணால் பார்த்து, டாக்டரிடம் பைய எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

"வயல்ல நாத்து நட்டவ மவ எனக்குப் பாடம் எடுக்கியா?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் அம்மா அம்பாசமுத்திரம் பக்கம் நாற்று நட்டவள்தான். அந்தக் கூலியில் படித்துத்தான் முத்துராணி பல் செய்யக் கற்றாள். ஒன்பது வருடம் அந்த மேசையில் இருந்தாள். நான் கத்திய அன்று சாயங்காலம் டாக்டரே லேபுக்கு வந்து, கழன்று வந்த வேறு ஆறு கேப்பை மேசையில் கொட்டி, என்னுடையதோடு ஏழு என்று கணக்குச் சொல்லி, அவளை நிறுத்தினால்தான் இனி வேலை தருவேன் என்றார். அசன் மைதீன் நிறுத்திவிட்டார். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த லேபும் அவளைச் சேர்க்கவில்லை. கழண்டு விழும் பல் செய்பவள் என்று பெயர் பரவியிருந்தது. போகும்போது அந்த ஏழு கேப்பையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள்.

அம்பாசமுத்திரத்தில் விஜயஸ்ரீ என்ற பல் டாக்டர் மட்டும் வேலை கொடுத்தார். பிடுங்கிப் போட்ட பற்களை அவரிடம் கேட்டு வாங்கி, பாதிக்குக் குமரகுருபரன் முறையிலும் பாதிக்குச் சரியான முறையிலும் கேப் ஒட்டினாள். ஒரு சட்டியில் ஐஸ் தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர். டீ வடிகட்டியில் பற்களைப் போட்டு மாற்றி மாற்றி முக்கினாள். தினமும் ஒரு மணி நேரம், நாற்பது நாள், ஐயாயிரம் முறை. வாய்க்குள் பல் படும் சூட்டையும் குளிரையும் அப்படித்தான் சோதிப்பார்களாம். ஒவ்வொரு முக்குக்கும் அவள் டாக்டரை ஒரு வசவு வைததாக விஜயஸ்ரீ சொன்னார்.

பிறகு காத்திருந்தாள். பத்தாவது மாதம் குமரகுருபரனே வந்தார். அவருடைய கடைவாய்ப்பல் கேப், அவருடைய ஆஸ்பத்திரியிலேயே ஒட்டியது, இரண்டு முறை கழன்றுவிட்டது. இந்த முறை பழி போட முத்துராணி அங்கே இல்லை. விஜயஸ்ரீயிடம் போட்ட கேப் கழல்வதில்லை என்று கேள்விப்பட்டு, ஊருக்குத் தெரியாமல் காரோட்டி வந்திருக்கிறார்.

அவள் சட்டியில் முக்கியெடுத்த பற்களில் இரண்டைக் கேப்போடு அவர் முன்னால் வைத்தாள். "இழுத்துப் பாருங்க டாக்டர்."

அவர் முறையில் ஒட்டிய கேப் நகம் பட்டதும் கையோடு வந்தது. மற்றதைக் குறடு போட்டு இழுத்தும் அசைக்க முடியவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குச் செஞ்சு தாரேன். அதுக்கு முன்ன ஏழு பேருக்கும் இப்பமே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

ஏழாவது போன் எனக்கு. "பாண்டி, உம்ம கேப் கழண்டது என் தப்பு. லேப் மேல தப்பில்ல" என்றது டாக்டர் குரல். கையிலிருந்த சேலை அப்படியே நழுவியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்துக்கு ஓடினேன். மாத்திரை டப்பாவைத் திறந்து என் கேப்பைக் காட்டினாள். மணல் பீச்சிச் சுத்தமாக வைத்திருந்தாள். விஜயஸ்ரீ டாக்டர் ஒட்டித் தருவார் என்றாள். பத்து மாதமாக மட்டமான பிளாஸ்டிக் கேப்போடு திரிந்தவன், ஆசையாகக் கையை நீட்டினேன். டப்பாவை மூடிவிட்டாள்.

"டாக்டரு முடிஞ்சாச்சு. இனி நீங்க. எங்கன நின்னு ஏசுனீங்களோ அங்கனயே போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்குப் போட்ட அதே சத்தத்துல."

மறுநாள் போனேன். அதே மேசை, அதே ஆறு பேர், அசன் மைதீன். அவளுக்குப் போன் போட்டு, அவள் காதில் விழும்படி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். "முத்துராணி மேல தப்பில்ல. நான்தான் விசாரிக்காம ஏசுனேன்" என்றேன். ஆறு பேரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அசன் மைதீன் தரையைப் பார்த்தார்.

போனில் அவள் குரல் நிதானமாக வந்தது.

"கேக்கல அண்ணாச்சி. இன்னொரு தடவ சொல்லுங்க."