பொம்மையின் தோளில் பொடுகு

கோட்டக்காவின் சொந்தப் பெயரைக் கேட்டால் கடையில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். கோட் பிரிவில் நின்று நின்று அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உள்ளே வருகிறவரின் தோளை ஒரு பார்வை பார்த்தே எந்த அளவு என்று சொல்லிவிடுவாள். டேப் எல்லாம் சும்மா ஒப்புக்கு. கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் அமையவில்லை. வீட்டில் தங்கை மட்டும்தான். அதனால் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவளுக்கு ஊர், உலகம் எல்லாம்.

அந்த உலகத்துக்கு வேட்டு வைத்தது பொடுகு. கடைச் சீருடையும் கறுப்புக் கோட்டுதான். தலையைத் திருப்பினால் போதும், மாவு சலித்தது போலத் தோளில் உதிரும். கோட் வாங்க வந்த ஓர் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்ததை மேனேஜர் பார்த்துவிட்டார்.

"திங்கட்கிழமை முதலாளி வர்றாரு. அதுக்குள்ள தலையைச் சரி பண்ணிக்கம்மா. இல்லேன்னா குடோனுக்குப் போயிடு. நான் என்ன செய்யட்டும்?"

குடோன் என்பது கடைக்கு அடியில், ஜன்னலே இல்லாத அறை. பெட்டி பிரிப்பது, பெட்டி கட்டுவது, அவ்வளவுதான். கீழே அனுப்பப்பட்டவர் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை. பேச்சுத் துணைகூட இல்லாமல் கொஞ்ச நாளில் தாங்களே வேலையை விட்டுப் போவார்கள். அன்று ராத்திரி வீட்டில் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள் கோட்டக்கா.

"மருந்துக்கடையில இதுக்குன்னே ஷாம்பூ இருக்குக்கா. கொஞ்சம் கொஞ்சமா கேக்கும்" என்றாள் தங்கை.

"கொஞ்சம் கொஞ்சமாவா? முதலாளி கொஞ்சம் கொஞ்சமாவாடி வர்றாரு?"

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் துணி வைத்தியம். கோட்டில் கறை பட்டால் வினிகரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்ப்பாள். போகாவிட்டால் இன்னும் ஊறவைப்பாள், இன்னும் தேய்ப்பாள். அவள் கைக்கு மசியாத கறை கிடையாது. தலையையும் அப்படியே நினைத்துவிட்டாள், மடச்சி. வினிகரோடு எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து, சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றி, துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். விடிந்ததும் துணி பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தாள். எரிச்சல் உயிரை எடுத்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும் அதே கூத்து.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் முடியை விலக்கிப் பார்த்த தங்கை அலறிவிட்டாள். உச்சந்தலை புண்ணாகி நீர் கசிந்தது. முடி கொத்தாகக் கையோடு வந்தது. பொடுகு மட்டும் போனபாடில்லை. இப்போது தோலும் சேர்ந்து உரிந்தது.

"இது தலையாக்கா, கோட்டா? நாளைக்கு லீவு போடு, டாக்டர்கிட்ட போலாம்."

"லீவு போட்டா குடோன்தான்டி" என்று சொல்லிக் கோட்டக்கா தேம்பினாள்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் கடைக்குப் போனாள். ஜன்னலோரம் கறுப்புக் கோட்டோடு ஒரு பெண் பொம்மை நிற்கும். அதற்குத் தினமும் தூசி தட்டுகிறவள் அவள்தான். அதன் டோப்பாவைக் கழற்றிப் புண் மேலேயே மாட்டிக்கொண்டாள். பொம்மையின் மொட்டைத் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தாள்.

முதலாளி வந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடந்தார். தோளில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்!

"பொம்மைக்கு எதுக்குய்யா தொப்பி?" என்று முதலாளி அதைத் தூக்கினார். எல்லோரும் மொட்டையைப் பார்த்தார்கள். மேனேஜரின் கண் நேராகக் கோட்டக்காவின் தலைக்கு வந்தது.

அவள் தானே டோப்பாவைக் கழற்றிக் கொடுத்தாள். புண்ணை அத்தனை பேரும் பார்த்தார்கள். என்னம்மா ஆச்சு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மேனேஜர் டோப்பாவை இரண்டு விரலால் வாங்கிப் பொம்மைக்கு மாட்டினார். டோப்பாவின் உள்பக்கம் ஒட்டியிருந்த செதில்கள் பொம்மையின் கறுப்புக் கோட்டில் பொலபொலவென்று உதிர்ந்தன.

"ஐயையோ" என்று பதறிப்போன மேனேஜர், பிரஷ்ஷை எடுத்துப் பொம்மையின் தோளைத் தட்டினார்.

"மெதுவாய்யா, மெதுவா" என்றார் முதலாளி. "ரொம்பத் தேய்ச்சா பாழாயிடும்."

யாரும் சொல்லாமலே கோட்டக்கா குடோன் படிகளில் இறங்கினாள்.